ஆழம் குறைந்த ஸ்கூபா இடங்கள்: தீவு விடுமுறையில் எங்கே, எப்போது இறங்குவது?

வெப்பமண்டலத் தீவுக்கு விடுமுறையில் போய் ஸ்கூபா செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள்: எவ்வளவு ஆழம் போகலாம்? சான்றிதழ் 18 மீட்டர் வரை அனுமதித்தால் அந்த 18 மீட்டரைத் தொட்டுவிட வேண்டும் என்ற ஆவல் பலருக்கு. எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. 5 முதல் 12 மீட்டர் வரையிலான நீர்தான் விடுமுறை டைவிங்குக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பகுதி. புதியவர்களுக்கான பயிற்சிக்களம் என்று அதை ஒதுக்குகிறவர்கள் பவளக்கடலின் செழிப்பான அடுக்கைத் தவறவிடுகிறார்கள்.

பாறையைக் கட்டும் பவளங்களின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து தரும் உணவில்தான் பவளம் வளர்கிறது. ஆகவே வெயில் எங்கே நன்றாக விழுகிறதோ அங்கேதான் பவளமும் அடர்த்தி, அதை நம்பியிருக்கும் மீன்களும் அடர்த்தி. கண்ணுக்குத் தெரியும் நிறமும் அங்கேதான். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. 5 மீட்டரைத் தாண்டும்போதே அது மங்கத் தொடங்கும், அதன்பின் ஆரஞ்சு, பிறகு மஞ்சள். 25 மீட்டரில் விளக்கு இல்லாமல் பார்த்தால் எல்லாமே நீலச் சாம்பல்தான்.

காற்றுக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் 2400 லிட்டர் காற்று. கையிருப்பாக 50 பாரை விட்டால் பயன்படுத்தக் கிடைப்பது 1800 லிட்டர். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கும் ஒருவருக்கு அது 20 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரும், 10 மீட்டரில் 45 நிமிடம், 5 மீட்டரில் ஒரு மணி நேரம். ஆழத்தில் சுவாசிக்கும்போது உடலில் கரைந்து சேரும் நைட்ரஜன் விஷயத்திலும் அப்படியே. பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் டைவ் அட்டவணைப்படி, மேலே வரும் வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்படாமல் 30 மீட்டரில் 20 நிமிடமும் 18 மீட்டரில் 56 நிமிடமும் இருக்கலாம். 12 மீட்டரில் அது 147 நிமிடம். அதற்கு வெகு முன்பே சிலிண்டர் தீர்ந்துவிடும்.

ஆனால் ஆழம் குறைவு என்பதாலேயே எளிது என்று நினைத்துவிட வேண்டாம். 25 மீட்டரில் இருப்பவரை மேலே வீசும் காற்று அவ்வளவாகத் தொடாது. 6 மீட்டரில் இருப்பவரைத் தொடும். அலை, ஓதம் (கடலின் ஏற்றவற்றம்), மழைநீர், படகுகள், வெயிலின் கோணம் எல்லாமே இந்த மேலடுக்கில்தான் விளையாடுகின்றன. காலை எட்டு மணிக்குக் கண்ணாடியாக இருந்த இடம் மூன்று மணிக்குக் கலங்கிக் கிடக்கும். எனவே இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதாது. இடத்தையும் நாளையும் நேரத்தையும் ஒன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே உள்ள படிகள் விமான டிக்கெட் எடுப்பதில் தொடங்கி நீரில் இறங்கும் காலைப்பொழுது வரை அந்த வரிசையில் போகின்றன. எதுவும் பயிற்சிக்கு மாற்று ஆகாது. பயிற்சி பெற்றவரும், பயிற்றுநரோடு முதன்முறை இறங்குபவரும் தமக்கான இடத்தைத் தாமே சீர்தூக்கிப் பார்க்க இவை உதவும்.

படி 1: அடித்தளம் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று கேளுங்கள்

உங்களுக்கான எல்லையை முதலில் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் பயிற்றுநரோடு இறங்கும் அறிமுக டைவுக்குப் பாடி வைத்திருக்கும் எல்லை 12 மீட்டர். ஓபன் வாட்டர் என்ற அடிப்படைச் சான்றிதழ் பெற்றவருக்கு 18 மீட்டர். அதே சான்றிதழைப் பெற்ற 10, 11 வயதுப் பிள்ளைகளுக்கு 12 மீட்டர்.

ஒரு இடத்தைப் பற்றி விசாரிக்கும்போது "பவளம் எந்த ஆழத்தில் இருக்கிறது?" என்பது பாதிக் கேள்விதான். "அதற்குக் கீழே என்ன இருக்கிறது?" என்பது மீதிப் பாதி. 6 மீட்டரில் பவளம் தொடங்கி 10 மீட்டரில் மணல் தரையாக முடியும் இடமும், 6 மீட்டரில் தொடங்கி 60 மீட்டருக்குச் செங்குத்தாக இறங்கும் சுவரும் விளம்பரத்தில் ஒரே மாதிரி "6 மீட்டரிலிருந்து" என்றுதான் எழுதப்பட்டிருக்கும். முதலாவதில் மிதப்புக் கட்டுப்பாடு கொஞ்சம் தவறினால் மணலில் உட்காருவீர்கள். இரண்டாவதில் ஆழ அளவியைப் பார்க்க மறந்த சில நொடிகளில் எல்லையைக் கடந்திருப்பீர்கள். புதியவர்களுக்கும், நீண்ட இடைவெளிக்குப் பின் இறங்குபவர்களுக்கும் மணல் தரை உள்ள இடத்தைத்தான் பரிந்துரைப்பேன், சுவர் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

மூழ்கிய கப்பல்களுக்கும் இதே கேள்விதான். பாலித் தீவின் துலாம்பென் கரையருகே கிடக்கும் லிபர்ட்டி கப்பல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கிய பிறகு அதைத் துலாம்பென் கரையில் ஏற்றி நிறுத்தினார்கள். 1963-இல் ஆகுங் எரிமலை சீறியபோது அது கடலுக்குள் சரிந்தது. இன்று அதன் மேற்பகுதி ஏறக்குறைய 5 மீட்டரிலும் அடிப்பகுதி 30 மீட்டர் அளவிலும் இருக்கிறது. மேல் பாதியை மட்டும் நிதானமாகச் சுற்றினாலே ஒரு முழு டைவுக்கான காட்சிகள் உண்டு. ஆனால் இதைவிட ஆழம் வேண்டாம் என்று இறங்குவதற்கு முன்பே வழிகாட்டியிடம் எண்ணைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். நீருக்கடியில் பேரம் பேச முடியாது.

படி 2: பருவத்தையும் தீவின் பக்கத்தையும் பொருத்துங்கள்

எந்தத் தீவுக்கும் காற்றைத் தாங்கும் பக்கம் ஒன்று, காற்றுக்கு மறைவான பக்கம் ஒன்று இருக்கும். ஆழமற்ற டைவுக்கு மறைவான பக்கம்தான் வேண்டும். கரீபியனில் உள்ள பொனேர் தீவில் வணிகக்காற்று ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வீசுகிறது. அதனால் அங்குள்ள டைவ் இடங்களில் மிகப் பெரும்பாலானவை மேற்குக் கரையிலும், அதற்கு எதிரே இருக்கும் கிளைன் பொனேர் என்ற சிறு தீவைச் சுற்றியும் அமைந்திருக்கின்றன. மேற்குக் கரைச் சாலையோரம் பெயர் எழுதிய மஞ்சள் கற்கள் ஒவ்வொரு இடத்தையும் காட்டுகின்றன. கிழக்குக் கரையிலோ அலை ஓயாமல் மோதிக்கொண்டிருக்கும்.

பருவக்காற்று ஆளும் கடல்களில் இந்த மறைவுப் பக்கம் ஆண்டுக்கு இருமுறை இடம் மாறும். தாய்லாந்தின் அந்தமான் கடற்பக்கத்தில் உள்ள சிமிலன் தீவுகளைத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை, தேசியப் பூங்கா நிர்வாகமே மூடிவிடுகிறது. அதே மாதங்களில் பெரும்பகுதி, மறுபக்கத்து வளைகுடாவில் உள்ள கோ தாவ் தீவில் கடல் இறங்கும்படி இருக்கும். நவம்பர் வந்தால் அங்கே நிலைமை தலைகீழ். ஒரே நாடு, சில மணி நேரப் பயணம், ஆனால் பருவம் வேறு.

தேதியை மாற்ற முடியாதவர்கள் தீவை மாற்றலாம். தீவையும் மாற்ற முடியாதவர்கள் தங்கும் பக்கத்தையாவது மாற்றலாம். அறையை முன்பதிவு செய்வதற்கு முன் இதைப் பார்ப்பதுதான் முக்கியம். கடற்கரை விடுதி அழகாக இருந்தும் எதிரே உள்ள கடலில் இறங்க முடியாமல் தினமும் தீவின் மறுபக்கத்துக்குப் பயணம் செய்பவர்கள் ஏராளம்.

படி 3: செயற்கைக்கோள் படத்தை வாசியுங்கள்

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான், ஆனால் இதைச் செய்பவர்கள் குறைவு. இணைய வரைபடத்தில் தீவின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து கரையோரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வெளிர்ப் பச்சை கலந்த நீலம் ஆழமற்ற மணல். அதற்கு நடுவே கரும்பழுப்புத் திட்டுகளாகத் தெரிபவை பவளமாகவோ கடற்புல்லாகவோ இருக்கும். ஓரம் கூர்மையாகவும் தனித்தனியாகவும் இருந்தால் பெரும்பாலும் பவளம், ஓரம் மங்கலாகப் பரவியிருந்தால் கடற்புல். கரைக்கு இணையாக வெள்ளைக் கோடு ஓடினால் அங்கே அலை உடைகிறது. வெள்ளைக் கோட்டுக்கு உட்பக்கம் காயல், வெளிப்பக்கம் திறந்த கடலை நோக்கிய சரிவு. அந்தக் கோட்டில் கருநீல இடைவெளி தெரிந்தால் அது காயலுக்குள் கடல்நீர் வந்துபோகும் வாயில். நீரோட்டம் அங்கேதான் குவியும். வெளிர்நீலம் சட்டென்று கருநீலமாக மாறும் கோடு சுவரின் விளிம்பு. மெல்ல மெல்ல மாறினால் சரிவு.

ஆற்று முகத்துவாரம் எங்கே என்றும் பாருங்கள். மழை பெய்த மறுநாள் அங்கிருந்து வரும் கலங்கல் கரையோரமாகப் பரவி, ஆழமற்ற இடங்களைத்தான் முதலில் மூடும். படகுத்துறை, படகுகள் போய்வரும் வழி ஆகியவையும் படத்தில் தெரியும். அவற்றின் குறுக்கே அமைந்த 5 மீட்டர் இடம் எனக்கு ஆழமான இடத்தைவிட அதிகக் கவலை தரும். இந்தப் படத்தை வைத்து டைவ் திட்டம் போட வேண்டாம். உள்ளூர் வழிகாட்டியிடம் சரியான கேள்விகளைக் கேட்க இது போதும்.

படி 4: அலையின் உயரத்தோடு அதன் இடைவெளியையும் பாருங்கள்

கடல் வானிலை முன்னறிவிப்பில் எல்லோரும் அலையின் உயரத்தைப் பார்க்கிறார்கள். ஆழமற்ற டைவுக்கு அதற்கு நிகரான முக்கியத்துவம் பக்கத்தில் உள்ள இன்னொரு எண்ணுக்கு உண்டு: ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை நொடி ஆகிறது என்பது.

அலை கடந்து போகும்போது நீர்த்துளிகள் வட்டமாகச் சுழல்கின்றன. அந்தச் சுழற்சி அலைநீளத்தின் பாதி ஆழம் வரை எட்டும். ஆழ்கடலில் அலைநீளம் மீட்டரில் ஏறக்குறைய 1.56 பெருக்கல் நொடியின் வர்க்கம். உள்ளூர்க் காற்று கிளப்பும் 4 நொடி அலைக்கு நீளம் சுமார் 25 மீட்டர். அதன் அசைவு 12 மீட்டருக்குள் ஓய்ந்துவிடும், 8 மீட்டரிலேயே வெகுவாகக் குறைந்திருக்கும். தொலைதூரப் புயல் அனுப்பும் 12 நொடி அலைக்கு நீளம் சுமார் 225 மீட்டர். அதன் அசைவு ஆழமற்ற இடத்தில் தரை வரைக்கும் அப்படியே இறங்கும். தரையருகே வட்டம் தட்டையாகி நீர் முன்னும் பின்னுமாக ஊஞ்சலாடும். மேலே ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத, பார்க்க அமைதியான அலை கீழே உங்களைப் பவளத்தின் மேல் தூக்கிக்கொண்டு போவது இதனால்தான்.

நீண்ட இடைவெளி அலைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது தீவின் முனையைச் சுற்றி வளைந்து மறைவான பக்கத்துக்குள்ளும் நுழையும். காற்றே இல்லாத காலையில் மறைவுக் கரையில் தரை மணல் எழும்பிக் கலங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

நான் பின்பற்றும் அளவு இப்படி: உயரம் அரை மீட்டருக்குள், இடைவெளி 6 நொடிக்குள் என்றால் 5 மீட்டர் இடமும் இனிமையாக இருக்கும். இடைவெளி 10 நொடியைத் தாண்டினால் பவளத்திட்டு விளிம்பின் உச்சியை விட்டு விலகி, வளைகுடா அல்லது காயலின் உட்புறம் ஒன்றைத் தேடுவேன். அது கிடைக்காவிட்டால் 12 மீட்டர் அளவில் மணல் தரை உள்ள இடத்துக்குப் போவேன். இது அனுபவ அளவு, விதி கிடையாது. கடலின் அமைப்பைப் பொறுத்து மாறும்.

ஊசலாட்டத்தில் மாட்டிக்கொண்டால் அதை எதிர்த்து நீந்தாதீர்கள். அது பின்னுக்கு இழுக்கும்போது இருந்த இடத்திலேயே இருங்கள், முன்னுக்குத் தள்ளும்போது ஃபின்னை உதையுங்கள். பவளத்திலிருந்து ஓரிரு மீட்டர் கூடுதலாக விலகி இருங்கள்.

படி 5: ஓதத்துக்கும் வெயிலுக்கும் நடுவே ஒரு நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். சில கடல்களில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான். நீரோட்டம் வேகமாக இருப்பது இரண்டுக்கும் நடுவே. ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் இடைவேளையில் நீர் சிறிது நேரம் நிற்கும். காயல் வாயிலுக்கு அருகில் உள்ள இடமென்றால் ஏற்றத்தின் கடைசி ஒரு மணி நேரமே உகந்தது. அப்போது வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வந்திருக்கும். வற்றம் தொடங்கிவிட்டால் காயலின் கலங்கல் நீர் வெளியேறும், இழுத்தால் உங்களையும் திறந்த கடலை நோக்கி இழுக்கும். வாயில்களில் வற்றத்தின்போது இறங்கவே வேண்டாம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, குறிப்பாக அவற்றுக்கு அடுத்த ஓரிரு நாட்களில், ஓதம் பெரிது, நீரோட்டமும் வேகம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டுமே குறைவு. விடுமுறைத் தேதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் நாள்காட்டியில் இதைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். 3 மீட்டர் ஆழம் உள்ள திட்டில் ஓதத்தின் வேறுபாடு 2 மீட்டர் என்றால், வற்றத்தில் அங்கே டைவ் என்று ஒன்று இல்லவே இல்லை.

இனி வெயில். சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதன் ஒளியில் பெரும்பங்கு நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். உச்சியை நெருங்கும்போது நேராக உள்ளே இறங்கும். நிறத்துக்குப் பத்து மணி முதல் இரண்டு மணி வரை சிறப்பு. ஆனால் பல தீவுகளில் நிலம் சூடேறியதும் கடற்காற்று கிளம்பி, பிற்பகலில் நீர்ப்பரப்பைச் சுருக்கங்களாக்கிவிடும். ஆகவே ஒன்பதரை, பத்து மணிக்கு இறங்குவது பெரும்பாலும் நல்ல சமரசம். நீங்கள் கேட்கும் டைவ் மையம் காலை முதல் டைவை ஆழமான இடத்திலும், இரண்டாவதை ஆழமற்ற இடத்திலும் வைத்திருந்தால் வெயில் கணக்கு தானாகவே பொருந்திவிடும்.

படி 6: எப்படி இறங்குவீர்கள், எப்படி வெளியேறுவீர்கள்?

கரையிலிருந்து இறங்குவது மலிவு, அவசரமில்லை, படகுக் குமட்டல் இல்லை. ஆனால் கால்வைக்கும் இடம் எது என்று பார்க்க வேண்டும். மணல் என்றால் நல்லது. துலாம்பென் போல உருளைக்கல் கரை என்றால், சிலிண்டரைச் சுமந்துகொண்டு அலையில் நிற்பதே பெரிய வேலை. வெளியேறுவது இறங்குவதைவிடக் கடினம், ஏனென்றால் அப்போது களைத்திருப்பீர்கள், அலையும் வளர்ந்திருக்கக்கூடும். இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் கரையில் நின்று பெரிய அலைகள் எத்தனை அலைக்கு ஒருமுறை வருகின்றன என்று கவனியுங்கள். மாற்று வெளியேறும் இடம் ஒன்று இல்லாத கரை எனக்கு ஏற்புடையது அல்ல.

படகிலிருந்து இறங்கினால் ஒரே ஒரு கேள்வி: நாம் கீழே இருக்கும்போது படகில் யார் இருப்பார்கள்? யாரும் இல்லை என்பது பதிலானால் வேறு படகு பாருங்கள்.

படி 7: அங்கே உயிர் இருக்கிறதா?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. கொஞ்சம் வேதனையும் தருவது இதுதான்.

ஆழமற்ற நீரில் ஒரே வகை இடம் மட்டும் கிடையாது. பவளத்திட்டில் கடற்சாமந்திக்குள் வாழும் கோமாளி மீன்களைப் பார்க்கலாம். அந்தச் சாமந்திக்குள்ளும் ஒளி தேடும் பாசி இருப்பதால் அவை பெரும்பாலும் வெயில் படும் ஆழத்திலேயே இருக்கும். கடற்புல் வெளியைப் பார்த்து "இங்கே ஒன்றுமில்லை" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பச்சை ஆமையும் கடற்பசுவும் மேய்வது அங்கேதான். கடற்குதிரையைத் தேடவும் அதுவே இடம். மணல் தரையில் மெதுவாகப் போனால் புதைந்திருக்கும் திருக்கை, வளைக்குள் இறாலோடு குடித்தனம் செய்யும் கோபி மீன் எல்லாம் தென்படும். படகுத்துறைத் தூண்களைச் சுற்றி டைவ் செய்ய அனுமதிக்கும் தீவுகளில் அந்த வாய்ப்பை விடாதீர்கள். 8 மீட்டருக்குள் இவ்வளவு வகை உயிர்கள் கூடும் இடம் குறைவு.

இரவு டைவுக்கு ஆழமற்ற இடத்தைத் தவிர வேறு எதையும் புதியவர்களுக்குச் சொல்ல மாட்டேன். பகலில் அதே இடத்தில் ஒருமுறை இறங்கியிருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. பகலில் உருளைக்கல்போலத் தெரிந்த பவளம் இரவில் கைகளை விரித்து உண்ணும். பேய்க்கணவாய் வேட்டைக்குக் கிளம்பும். கிளிமீன்களில் சில இனங்கள் தம்மைச் சுற்றிச் சளிக்கூடு கட்டிக்கொண்டு தூங்கும். அவற்றின் முகத்தில் விளக்கை அடிக்காதீர்கள்.

வேதனை எது என்றால், கடல் சூடேறும்போது பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளுக்கிறது. ஆழமற்ற நீர் இதில் கடுமையாக அடிபடுகிறது. உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வை அமெரிக்க அரசின் நோவா அமைப்பு 2024 ஏப்ரலில் உறுதிசெய்தது. பழைய புகைப்படங்களை நம்பி இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். நோவா வெளியிடும் பவளக் கண்காணிப்பு வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பகுதியில் சேர்ந்திருக்கும் வெப்ப அழுத்தத்தை அது 'வாரங்களில்' சொல்லும்: வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடுதலாக ஒரு வாரம் நீடித்தால் 1. இந்த எண் 4-ஐ எட்டினால் வெளுப்பை எதிர்பார்க்கலாம், 8-ஐ எட்டினால் பவளம் பரவலாகச் சாகத் தொடங்கும். பயணத்துக்கு முந்தைய சில மாதங்களின் எண்ணைப் பாருங்கள். கடந்த சில வாரங்களில் எடுத்த, நிறம் திருத்தாத படங்களை மையத்திடம் கேளுங்கள்.

வெளுத்திருந்தால் போகவே கூடாதா? வெளுத்த பவளம் இறந்த பவளம் அல்ல. சூடு தணிந்தால் மீளக்கூடும். அந்த நேரத்தில் அதன் மேல் கூடுதல் சுமை ஏற்றாமல் இருப்பதே நாம் செய்யக்கூடியது. கடற்புல் வெளி, மணல், கப்பல், படகுத்துறை என்று பவளம் அல்லாத இடங்களைத் தேர்ந்தெடுங்கள். சன்ஸ்கிரீனுக்குப் பதிலாக முழுக்கைச் சட்டை அணியுங்கள். பவளத்துக்குத் தீங்கு என்று கருதப்படும் ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடைசெய்துள்ளது. பசிபிக் தீவு நாடான பலாவு அதற்கு ஓராண்டு முன்பே அத்தகையவற்றைத் தடைசெய்துவிட்டது.

படி 8: மையத்திடம் பேசும்போது

கடைசிப் பக்கம் வரை விளம்பரத்தைப் படிப்பதைவிட ஐந்து நிமிடம் நேரில் பேசுவது மேல். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, கடைசியாக எப்போது அந்த இடத்தில் இறங்கினீர்கள், அன்று எவ்வளவு தூரம் தெரிந்தது என்று கேளுங்கள். பிறகு முக்கியமான கேள்வி: "நாளை அந்த இடம் சரியில்லை என்றால் எங்கே அழைத்துப் போவீர்கள்?"

"காலையில் காற்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம், தெற்கில் காற்று வந்தால் வடக்கு வளைகுடா" என்பது போன்ற பதில் வந்தால் நம்பிப் பணம் கட்டலாம். "எல்லா நாளும் நன்றாகத்தான் இருக்கும்" என்பவரிடமிருந்து எழுந்து வாருங்கள். உங்கள் உடல்நிலைப் படிவத்தைக் கேட்காத மையத்திலிருந்தும் அப்படியே. அந்தப் படிவத்தில் ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவைச் சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். மருத்துவர் கையெழுத்து தேவை என்றால் பயணத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். தீவில் போய்த் தேடினால் விடுமுறையில் பாதி கழிந்துவிடும்.

படி 9: எடை, மூச்சு, காது

ஆழமற்ற நீரில் மிதப்பைக் கட்டுப்படுத்துவது ஆழத்தைவிடக் கடினம். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வந்தால் மிதப்பைச் சரிசெய்யக் காற்று நிரப்பி அணியும் ஜாக்கெட்டில் உள்ள காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரியும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் அது இரு மடங்காகும். சிறு எழுச்சிகூட உங்களை மேலே தூக்கிவிடும். நுரையீரலுக்கும் இதே விதி. மூச்சை அடக்கிக்கொண்டு ஓரிரு மீட்டரிலிருந்து எழுந்தாலே நுரையீரல் காயப்படக்கூடும் என்பதால், நீச்சல்குள ஆழத்திலும் தொடர்ந்து மூச்சுவிடும் பழக்கம் வேண்டும்.

டைவ் முடியும் தருவாயில் சிலிண்டரில் இருந்த காற்றில் சுமார் 2 கிலோ எடை போயிருக்கும். ஆழத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. 5 மீட்டரில் தெரியும். எனவே மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈய எடையைச் சரிபார்க்க வேண்டியது 50 பார் மட்டும் மீந்த சிலிண்டரோடு 5 மீட்டரில். அங்கே ஜாக்கெட்டில் காற்றே இல்லாமல் நிலையாக நிற்க முடிந்தால் எடை சரி. "ஆழமற்ற டைவ்தானே, கூடுதலாக இரண்டு கட்டி போட்டுக்கொள்ளுங்கள்" என்று அள்ளிக் கொடுத்தால் வாங்காதீர்கள். கூடுதல் எடை உங்களைச் சாய்த்து, ஃபின்னைப் பவளத்தில் உரச வைக்கும்.

காதுக்கு முதல் சில மீட்டர்தான் சோதனை. ஒவ்வொரு அரை மீட்டருக்கும் காதின் அழுத்தத்தைச் சமன்செய்து இறங்குங்கள். எதையாவது பார்த்துவிட்டு மேலே போய்த் திரும்ப இறங்கும் ஏற்ற இறக்கத்தை இங்கே தவிர்க்க வேண்டும். மூக்கடைப்பு இருந்தால் அன்று டைவ் இல்லை.

தரையில் நிற்காதீர்கள், எதையும் பிடிக்காதீர்கள். கல்மீனும் கடல் முள்ளெலியும் இருப்பது இந்த ஆழத்தில்தான். கல்மீனோ சிங்கமீனோ குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் காயத்தை அமிழ்த்தி வைத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். இந்தோ-பசிபிக் கடல்களில் டைட்டன் கிளாத்தி மீன் மணலில் கூடு வைத்திருந்தால் துரத்தும். அது தனக்குரியதாகக் கருதும் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவம். மேலே எழுந்தால் எல்லைக்குள்தான் இருப்பீர்கள். தரையை ஒட்டிப் பக்கவாட்டில் விலகுங்கள்.

படி 10: நாட்களை அடுக்குங்கள்

முதல் நாள் மிக எளிய இடம்: மணல் தரை, மறைவான கரை, 8 மீட்டர். எடையைச் சரிசெய்யவும் மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்கவும் அந்த டைவ். மனத்தில் முதலிடம் பிடித்த இடத்தை இரண்டாம் அல்லது மூன்றாம் நாளுக்கு வையுங்கள். காற்று ஒத்துவராவிட்டால் தள்ளிவைக்க நாள் மிச்சமிருக்கும். ஒரே இடத்தில் இரண்டாம் முறை இறங்கத் தயங்காதீர்கள். முதல் முறை இடம் பிடிபடும், இரண்டாம் முறைதான் உயிர்கள் கண்ணில் படும்.

இறங்கும் காலை, கரையில் நின்று பார்த்து முடிவெடுங்கள். தூரத்தில் வெள்ளை நுரைகள் தெரிந்தால், நேற்று தெளிவாக இருந்த நீர் பச்சையாகியிருந்தால், வழிகாட்டியே தயங்கினால் ரத்துசெய்யுங்கள். டைவின் முடிவில் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலே வாருங்கள். 10 மீட்டருக்கு மேல் போயிருந்தால் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். மேற்பரப்பை நெருங்கும்போது படகு இரைச்சல் கேட்டால் காத்திருங்கள். கீழே ஆள் இருப்பதைக் காட்டும் மிதவைக் குழாயை முதலில் மேலே அனுப்பிவிட்டு அதன் கீழேயே எழுங்கள். ஆழமற்ற இடங்களில் படகுகள் மிகுதி, கீழே ஆள் இருப்பது ஓட்டுநருக்குத் தெரியாது.

கடைசி நாளை டைவ் இல்லாமல் விடுங்கள். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பு தரும் வழிகாட்டுதல்படி, ஒரே ஒரு டைவுக்குப் பிறகு விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ்களுக்கோ பல நாள் டைவிங்குக்கோ பிறகு 18 மணி நேரமும் இடைவெளி வேண்டும். 8 மீட்டரில்தானே இருந்தோம் என்று இதைச் சுருக்க வேண்டாம். தீவின் உயரமான மலைச் சாலையில் போகும் திட்டம் இருந்தால் அதையும் அன்று மாலைக்கு வைக்காதீர்கள். அந்தக் கடைசி நாளில் ஸ்நார்க்கெல் போட்டுக்கொண்டு மேற்பரப்பில் மிதந்தபடி பார்க்கத் தடையில்லை.